நிழலோடு நகர்கிற அம்மாவும் ஆம்னிக்கு வைத்த கேமராவும்

எங்கள் வண்டி 2011 மாடல் ஆம்னி. கைமாறி வந்த வண்டிதான். பின் சீட்டைக் கழற்றித் திண்ணையில் போட்டு வருஷமாச்சு, அதில் இப்போது பூனை படுத்துக்கொள்கிறது. சீட் இருந்த இடத்தில் தக்காளிப் பெட்டி, முருங்கைக்காய்க் கட்டு, கத்தரிக்காய்ச் சாக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற நாளில் பெட்டியைக் கூரை வரைக்கும் அடுக்கிவிட்டால், உள்கண்ணாடியில் தெரிவது தக்காளி மட்டும்தான். பக்கத்துக் கண்ணாடி இரண்டும் பக்கத்தை மட்டும் காட்டும். நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று சாமிக்குத்தான் தெரியும்.

அந்த வண்டிக்கு ரிவர்ஸ் கேமரா வைத்த கதைதான் இது. டவுனில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய சமாச்சாரமாகத் தெரியாது. உங்கள் புது வண்டியில் கம்பெனிக்காரனே வைத்துக் கொடுத்திருப்பான். நம் நாட்டில் 2019 ஜூலை 1-ல் இருந்து புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. ஆம்னியை மாருதி நிறுத்தியதும் அதே 2019-ல்தான். ஆக எங்களைப் போன்றவர்கள் ஓட்டுகிற வண்டிகள் எல்லாம் சட்டத்துக்கு முந்தின தலைமுறை. அதுகளுக்கு ஒரு கண் வேண்டுமென்றால் நாமே தான் வைத்துக்கொள்ளணும்.

எதற்கு அந்தக் கண் என்று சொல்கிறேன்.

எங்கள் வாசல் சின்னது. கிழக்கே மாட்டுக்கொட்டகை, மேற்கே சோளத்தட்டுப் போர், நடுவில் ஒரு வேப்பமரம். வாசலைத் தாண்டினால் இட்டேரி. இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி அடைத்த சந்துப்பாதை, எங்கள் பக்கத்துப் பேச்சு. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. முன்னால் தலையைக் கொடுத்து வந்தால் சுமையோடு ரிவர்ஸில் வெளியே போகணும். ரிவர்ஸில் உள்ளே வந்தால் காலி வண்டியோடு அதே அறுபது அடி பின்னால் வரணும். எப்படியும் ஒரு தடவை பின்னால் போயே ஆகணும்.

அந்த அறுபது அடிக்குள் என்னவெல்லாம் இருக்கும்? கயிற்றை அவிழ்த்துக்கொண்ட கன்றுக்குட்டி, குஞ்சுக் கோழி, காயப்போட்ட மிளகாய். இவற்றோடு எங்கள் அம்மா.

அம்மாவுக்கு 82 வயசு. காது அனேகமாகக் கேட்காது. காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோம், "ஊய்ய்னு கூவுது சாமி" என்று கழற்றி மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். கண் நன்றாகத் தெரியும், கை சும்மா இருக்காது. வெங்காயம் தாள் அறுப்பார், முருங்கைக் கீரை உருவுவார், தட்டைப்பயறு புடைப்பார். ஒரு மணைக்கட்டையைப் போட்டு வேப்பமரத்து நிழலில் உட்காருவார். காலையில் நிழல் மேற்கே விழும், அம்மா சோளத்தட்டுப் போரை ஒட்டி இருப்பார். உச்சியில் மரத்தடிக்கு வந்துவிடுவார். மத்தியானம் திரும்பினால் நிழல் கிழக்கே நகரும், மணைக்கட்டையும் அதோடு போகும். பெட்டி ஏற்ற ஆரம்பிக்கும்போது ஓர் இடத்தில் இருந்தவர், ஏற்றி முடிக்கும்போது வேறு இடத்தில் இருப்பார். வண்டியின் நிழலும் நிழல்தானே? சில நாள் அதிலேயும் உட்காருவார்.

உட்கார்ந்துவிட்டால் அம்மாவின் தலை ஆம்னியின் பின்கண்ணாடிக்குக் கீழே போய்விடும். காலி வண்டியாக இருந்தாலும் தெரியாது.

இத்தனை நாளும் எங்கள் ரிவர்ஸ் கேமரா என் வீட்டுக்காரிதான். பின்னால் நின்று "வரட்டும்... வரட்டும்... வரட்டும்" என்பார். தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் நிறுத்தணும் என்று அர்த்தம். அதை மிஞ்சின கேமரா எந்தக் கம்பெனியிலும் கிடையாது. ஆனால் அவருக்கும் ஆயிரம் சோலி. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற நேரமும் நான் சுமை எடுக்கிற நேரமும் ஒன்றாகிவிடும். அப்போது பின்னால் நிற்க ஆள் இல்லை.

"ரிவர்ஸ் ஹாரன் வெச்சிரலாம் மாமா, பாட்டுப் பாடும், நூறு ரூபா சாமான்" என்றான் என் அக்கா மகன். அவன் மோட்டார் காயில் கட்டுகிற வேலை பார்க்கிறவன். நல்ல யோசனைதான். ஆனால் பாட்டு யாருக்குக் கேட்கணுமோ அவருக்குத்தான் காது கேட்காதே!

அடுத்தது சென்சார். பம்பரில் நாலு ஓட்டை போட்டுப் பொத்தான் மாதிரி பதிப்பார்கள். வௌவால் போல நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். சுவர், தூண், இன்னொரு கார் என்றால் அருமையாக வேலை செய்யும். டவுன் பார்க்கிங்குக்கு அது போதும். எங்கள் வாசலில் ஒரு பக்கம் சோளத்தட்டு நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் வேலிக்கிளுவை. போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே இருக்கும். சும்மா சும்மா கத்துகிற சாமானை மனுசன் நாலாம் நாள் காதில் வாங்க மாட்டான். அதோடு சேலைத்துணி மாதிரி மெத்தென்ற பொருளில் ஒலி சரியாக எதிரொலிக்காது. கீழே கிடக்கிற தாழ்ந்த பொருளும் சில சமயம் தப்பிவிடும். எனக்கு வேண்டியது பின்னால் "ஏதோ இருக்கு" என்கிற சத்தம் இல்லை. இருப்பது சோளத்தட்டா, அம்மாவா என்று தெரியணும்.

அதனால்தான் கேமரா.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. 2002-ல் அங்கே ஒரு குழந்தை வைத்தியர் தன் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, பின்னால் வந்து நின்ற அவருடைய இரண்டு வயசுப் பையனே சக்கரத்தில் மாட்டி இறந்துபோனான். குழந்தைகளின் உயிரைப் பார்க்கிறவருக்கே அப்படி நடந்தது. கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டியதால் இல்லை, கண்ணாடியில் அந்த உயரம் தெரியாது என்பதால். அவரும் அவரைப் போலப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் விடாமல் போராடி, 2008-ல் அந்தப் பையன் கேமரன் குல்பிரான்சன் பெயரிலேயே சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆனது. 2018 மே மாதத்தில் இருந்துதான் அங்கே விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் பின் கேமரா கட்டாயம். நம் பக்கத்திலும் டிராக்டரும் டெம்போவும் பின்னால் எடுக்கும்போது பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் வீட்டு வாசலில், சொந்த வண்டியில். அந்த வீடுகளில் யாரைப் போய்க் குற்றம் சொல்ல முடியும்?

சரி, வேலைக்கு வருவோம்.

டவுனில் ஒரு கார் டெக்கரேசன் கடையில் கேமராவும் 4.3 அங்குலத் திரையும் சேர்த்து வாங்கினோம். மாட்டிக் கொடுக்கவும் ஆள் இருந்தான். ஆனால் அவன் ஒயரை ஒட்டுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒயரின் தோலைப் பிளேடில் சீவி, இன்னொரு ஒயரைச் சுற்றி, கறுப்பு டேப்பை ஒட்டிவிடுகிறான். எங்கள் ஊர் வெயிலுக்கு அந்த டேப்பின் பசை இளகி, சித்திரை மாசத்தில் தானாகக் கழன்று தொங்கும். "குடுங்க, நாங்களே பாத்துக்கறோம்" என்று வாங்கி வந்துவிட்டோம். மாப்ளையும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம்.

முதலில் ஒரு சங்கதி. வீட்டுக் கரண்டுக்கு வைத்திருக்கிற டெஸ்டர் திருப்புளி இங்கே உதவாது. வண்டியில் ஓடுவது 12 வோல்ட் டி.சி. அதற்கு டெஸ்டர் லைட் எரியாது. எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மல்டிமீட்டர் வேணும். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது, அது வாஸ்தவம். ஆனால் பாட்டரியில் ஷார்ட் ஆனால் ஒயர் நெருப்பாகப் பழுத்துவிடும். கிணற்று மோட்டாரிடம் நாம் காட்டுகிற மரியாதையை இதற்கும் காட்டணும். அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்னால் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்தோம். சோதிக்கும்போது மட்டும் மாட்டிக்கொண்டோம்.

கேமராவுக்குக் கரண்ட் எங்கே இருந்து எடுப்பது? ரிவர்ஸ் லைட்டில் இருந்துதான். கியர்பாக்ஸில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. ரிவர்ஸ் கியர் விழும்போது அது அமுங்கி, பின்னால் இருக்கிற வெள்ளை லைட்டுக்குக் கரண்ட் போகும். அந்த ஒயரைப் பிடித்துவிட்டால், கியர் போடும்போதெல்லாம் கேமராவும் தானாக முழிக்கும். கியரை எடுத்தால் தூங்கிவிடும்.

அந்த ஒயர் எது? பின் லைட்டுக் கூட்டில் பிரேக், இண்டிகேட்டர், பார்க்கிங், ரிவர்ஸ் என்று எல்லாமே ஒன்றாகக் கட்டி வரும். கலரை நம்பக் கூடாது, பழைய வண்டியில் நமக்கு முன்னால் யார் கை வைத்தார்களோ? சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை மட்டும் திருப்பி, இன்ஜின் ஓடாமல் ரிவர்ஸ் கியர் போட்டோம். மாப்ள பின்னால் மீட்டர் பிடித்தான். ஓர் ஒயரில் 12.3 காட்டியது. கியரை எடுத்தால் பூஜ்யம். போட்டால் மறுபடி 12.3. "இவன்தான் மாமா ஆளு" என்றான்.

அந்த ஒயரில் இருந்து ஒரு கிளை எடுத்தோம். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போட்டு, லைட்டரில் காட்டி இறுக்கினோம். அந்தக் கிளை ஆரம்பிக்கிற இடத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. ரிவர்ஸ் பல்ப் 21 வாட், அது மட்டும் ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும். கேமராவும் திரையும் சேர்ந்தும் ஓர் ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஆனாலும் ஃபியூஸ் வேணும். என்றைக்காவது எலி ஒயரைக் கடித்து, அது தகரத்தில் பட்டால், ஃபியூஸ் போகுமே தவிர வண்டி போகாது.

எர்த் என்பது வண்டியின் உடம்புதான். ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்துப் பெயிண்டை உப்புத்தாளில் தேய்த்து, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு ஒயரை வைத்து முடுக்கினோம். பெயிண்ட் மேலேயே வைத்தால் எர்த் சரியாகக் கிடைக்காது. திரையில் கோடு கோடாக ஓடும்.

கேமராவைப் பின்கதவின் உச்சியில், கண்ணாடிக்கு மேலே வைத்தோம். உயரத்தில் இருந்து கீழே பார்த்தால்தான் பம்பரின் விளிம்பே தெரியும். ஆம்னியின் பின்கதவு மேலே தூக்கித் திறப்பது. ஆகவே கீல் இருக்கிற இடத்தில் ஒயரை இறுக்கக் கூடாது, ஒரு சாண் தளர்வு விடணும். இல்லையென்றால் ஐம்பது தடவை கதவைத் திறந்தால் உள்ளே செம்பு அறுந்துபோகும், வெளியே தோல் நல்லாத்தான் இருக்கும். தகரத்தில் ஓட்டை போட்ட இடத்தில் ரப்பர் வளையம் வைத்தோம். தகரத்தின் விளிம்பு கருக்கரிவாள் மாதிரி. குலுங்கக் குலுங்க ஒயரை அறுத்துவிடும்.

படம் வருகிற ஒயருக்கு இரண்டு முனையிலும் மஞ்சள் தலை. அதோடு ஒட்டினாற்போல ஒல்லியாக ஒரு சிவப்பு ஒயர் வரும். நிறைய பேர் அதை என்னவென்று தெரியாமல் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அது சும்மா வைத்ததில்லை. பின்னால் அதை ரிவர்ஸ் கரண்டில் சேர்த்தால், முன்னால் அதே கரண்ட் வந்து நிற்கும். நாங்கள் திரையின் சிவப்பு ஒயரை அதிலேயே சேர்த்துவிட்டோம். எங்களுக்குத் திரையில் பாட்டு, சினிமா எதுவும் வேண்டாம். ரிவர்ஸ் போட்டால் எரியணும், எடுத்தால் அணையணும், அவ்வளவுதான். ஒயர் முழுவதையும் பிளாஸ்டிக் சுருள் குழாய்க்குள் நுழைத்துக் கூரை ஓரமாகக் கொண்டுவந்தோம். தக்காளிப் பெட்டி உரசக் கூடாது, எலிக்கும் சுலபமாக வாய் எட்டக் கூடாது.

புதுக் கார் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஒயரை வெட்டாதீர்கள். இப்போது வருகிற பல வண்டிகளில் லைட்டையும் கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்கிறது. அதன் ஒயரில் கை வைத்தால் வாரண்டியும் போகும், படமும் துடிக்கும். அதற்கு நடுவில் ரிலே வைத்துச் செய்கிற முறை இருக்கிறது, தெரிந்த ஆளிடம் கொடுங்கள். எங்களுடையது சுவிட்ச், ஒயர், பல்ப் என்று நேரடியாக ஓடுகிற பழைய மனுசன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கியர் போட்டதும் திரையில் வாசல் தெரிந்தது. ஆனால் இடம் வலம் மாறியிருந்தது. இடப்பக்கம் வைத்த சிவப்பு வாளி வலப்பக்கம் காட்டியது. கேமராவின் வாலில் சின்னதாக இரண்டு ஒயர் வளையங்கள் இருக்கும். எது எதற்கு என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருப்பான். ஒன்றை வெட்டினால் படம் கண்ணாடி மாதிரி திரும்பும், இன்னொன்று திரையில் வருகிற பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளுக்கு. உரிய வளையத்தை மாப்ள வெட்டினான், வாளி இடப்பக்கம் வந்துவிட்டது.

அந்தக் கலர்க் கோட்டை அப்படியே நம்பக் கூடாது. கேமரா உட்கார்ந்த உயரத்தையும் சாய்வையும் பொறுத்து அது மாறும். அகலமாகப் பார்க்கிற லென்ஸ் என்பதால் பக்கத்தில் இருப்பதும் தள்ளி இருப்பது போலத் தெரியும். நாங்கள் பம்பரில் இருந்து ஓர் அடி, மூன்று அடி, ஆறு அடி என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, திரையில் எந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டோம்.

இதையெல்லாம் அம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன என்று கையால் கேட்டார். கூட்டிவந்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். திரையில் வேப்பமரம், கன்றுக்குட்டி, மணைக்கட்டை எல்லாம் தெரிந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நா தெரிவனா?" என்றார்.

"போயி உக்காருங்கம்மா, பாக்கலாம்" என்று சைகை காட்டினேன்.

வழக்கமாக உட்காருகிற ஒவ்வோர் இடத்துக்கும் மணைக்கட்டையைத் தூக்கிக்கொண்டு அவரே போனார். போர் ஓரம், மரத்தடி, கொட்டகை முன்னால். எல்லா இடத்திலும் தெரிந்தார், வெள்ளைச் சேலை பளிச்சென்று. ஒவ்வொரு தடவையும் நான் கையை உயர்த்தித் "தெரியுது" என்று காட்டினேன், தலையை ஆட்டிக்கொண்டார். கடைசியாக வண்டியின் பக்கவாட்டு நிழலுக்கு வந்து, பின் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்தார். திரையில் வெறும் மண்தான் தெரிந்தது. அம்மாவைக் காணோம்.

நான் கையை உயர்த்தவில்லை. அவர் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். "இங்க இருந்தா தெரியலயா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப சரி, இங்க உக்காரல" என்று மணைக்கட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷமாக "வண்டி நெழல்ல உக்காராதீங்கம்மா" என்று எத்தனையோ தடவை கத்திச் சொல்லியாச்சு, சைகையிலும் சொல்லியாச்சு. அவர் கேட்டதில்லை. அன்றைக்குத் தன் கண்ணாலேயே சோதித்துத் தெரிந்துகொண்டார். அதற்கப்புறம் வண்டி நிழலில் அவரை நான் பார்க்கவில்லை.

ஆனாலும் அம்மாவின் ஞாபகத்தை நம்பி வண்டி எடுக்க முடியுமா? கன்றுக்குட்டிக்கு யார் பாடம் எடுப்பது? கேமரா நேர் பின்னால் பார்க்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில் பார்க்காது. கியர் போட்ட பிறகுதான் பார்க்கும், அதற்கு முன்னால் பார்க்காது.

இதற்கு ஒரு வழி தானாகவே அமைந்துவிட்டது. எங்கள் இட்டேரி மண் பாதை. ஒரு நடை போய்வந்தால் லென்ஸில் புழுதி படிந்துவிடும், மழை பெய்தால் சேறு. துடைக்காவிட்டால் திரையில் கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு வெண்மைதான் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும் முன்னாலும் துண்டு நுனியோடு பின்னால் போய்த் துடைத்தாகணும். ஒரு பக்கமாகப் போகிறேன், மறுபக்கமாகத் திரும்பி வருகிறேன். அந்தப் போக்கில் சக்கரத்தோரம், வண்டிக்கடியில், போர் மறைவில் எல்லாம் கண் போய்விடுகிறது. போன வாரம் அப்படித்தான் அடியில் படுத்திருந்த கன்றுக்குட்டியைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். அது இருந்த இடம் எந்தக் கேமராவிலும் தெரியாத இடம்.

மாப்ள கேட்டான், "லென்ஸ் மேல ஒட்டாத மாதிரி ஒரு ஸ்பிரே வருது மாமா, வாங்கி அடிச்சரலாமா? டெய்லி தொடைக்க வேண்டியதில்லை."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புழுதி படியட்டும்.